தரை டிக்கெட்டின் வழித்தடம்

தமிழ்நாட்டில் திரைப்படம் காட்டப்படும் இடத்துக்குக் கொட்டகை, டாக்கீஸ், தியேட்டர், திரையரங்கு எனப் பல பெயர்கள் வழங்கிவருகின்றன. இவற்றுள் ஒருவர் எதைச் சொல்கிறார் என்பதைக் கொண்டே அவருடைய வயதையும், பெரும்பாலும் அவர் பிறந்த ஊரின் அளவையும் கணித்துவிடலாம். கொட்டகை என்பது மாட்டுக்கும் வைக்கோலுக்கும் போட்ட கூரையின் பெயர். ஓலைக்குக் கீழே படம் ஓடிய காலத்தில் அது சினிமாவுக்கும் ஒட்டிக்கொண்டது. பேசும் படத்தைக் குறிக்கும் டாக்கீஸ் என்ற சொல், 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்த காலத்தையொட்டிப் பரவி, பேசாப் படங்கள் அடியோடு மறைந்து அப்பெயருக்குத் தேவையே இல்லாமற்போன பின்னரும், முகப்பு வளைவுகளில் சுதை எழுத்தாகப் பல பத்தாண்டுகள் நின்றது. திரையரங்கு என்பது செய்தித்தாளிலும் அரசாணையிலும் வாழும் சொல். அதை உச்சரித்துக்கொண்டு படம் பார்க்கப் புறப்பட்ட சிறுவர் எவரும் இருந்திருக்க மாட்டார்.

இக்கட்டுரைக்கு அடிப்படையான பயணம் திருச்சிராப்பள்ளியில் தொடங்கி, கோயம்புத்தூர், உடுமலைப்பேட்டை, பழனி, மதுரை வழியாகச் சென்னையில் முடிந்தது. அதை மேற்கொண்டவர் உடுமலைக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்து, 1970களில் அவ்வூர்க் கொட்டகையின் மணலில் அமர்ந்து படம் பார்த்து வளர்ந்து, முப்பது ஆண்டுகளாகச் சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்துவருபவர். இங்கு அவர் பயணி என்றே குறிக்கப்படுகிறார். இடிந்த கட்டடங்களைக் கணக்கெடுக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. சிறுவயதில் படம் பார்த்த இடத்தைப் பற்றிக் கேட்டால் மக்கள் நினைவிலிருந்து எதை முதலில் எடுத்துத் தருகிறார்கள் என்று அறிவதே அவருடைய நோக்கமாக இருந்தது.

திருச்சிராப்பள்ளி

தென்னிந்தியாவில் படம் காட்டும் தொழிலின் கதை பெரும்பாலும் சாமிக்கண்ணு வின்சென்டிலிருந்தே சொல்லப்படுகிறது. தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராக, அதாவது பொறியியல் வரைபடங்களைத் தீட்டும் பணியாளராக இருந்த அவர், 1905இல் தூப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் எந்திரத்தையும் இயேசுவின் வாழ்க்கை பற்றிய படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, இரயில்வேச் சம்பளத்தை உதறிவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். அவர் இவ்வூரின் பொன்மலையில் வேலை பார்த்ததாகப் பலரும் எழுதிவருகின்றனர். பொன்மலைப் பணிமனையோ நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து 1928இல்தான் அங்கே இயங்கத் தொடங்கியது என்பதால், இருபது ஆண்டு பிந்திய கட்டடத்தில் அவரை உட்காரவைத்த பிழை அது. ஆயினும் பொன்மலைக்காரர்களிடம் இதைச் சொல்வதில் பயன் இல்லை. பணிமனைக் குடியிருப்பின் மரநிழலில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பொருத்துநர் ஒருவர், வின்சென்ட் எங்கள் ஆள் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டு, தம் சிறுவயதில் இரயில்வே ஊழியர் மன்றத்தின் திறந்தவெளியில் வாரம் ஒருமுறை காட்டப்பட்ட படங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அவருக்குப் படங்களின் பெயர் ஒன்றும் நினைவில் இல்லை. திரை வெள்ளைத் துணியாக இருந்ததால் பின்பக்கமிருந்தும் படம் தெரியும் என்பதும், முன்பக்கம் இடம் கிடைக்காத பிள்ளைகள் பின்னால் போய் அமர, அங்கே கதாநாயகன் இடக்கையால் வாள் சுழற்றினான் என்பதும், எழுத்துகள் யாவும் இடவலம் மாறிய கண்ணாடி எழுத்தாகத் தெரிந்தன என்பதும் துல்லியமாக நினைவிருந்தன.

கோயம்புத்தூர்

வின்சென்ட் அலைந்து சலித்து நிலைகொண்ட ஊர் இது. 1914இல் அவர் இங்கே கட்டிய வெரைட்டி ஹால், தென்னிந்தியாவில் நிலையான கட்டடத்தில் படம் காட்டிய மிகப் பழைய அரங்குகளுள் ஒன்று. பைகாரா நீர்மின் நிலையம் 1932இல்தான் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஊரில் எவர் வீட்டிலும் மின்விளக்கு எரியாத காலத்தில், தம் சொந்த மின்னாக்கியை வைத்து அவர் படம் ஓட்டினார் என்பதை எண்ணும்போது, கோவையின் பிள்ளைகள் மின்சாரத்தை முதலில் கண்டது விளக்காக அன்று, அசையும் படமாகவே என்று சொல்லத் தோன்றுகிறது. படம் பேசாத அக்காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, யார் யாரை எதற்காகத் துரத்துகிறார் என்று உரத்த குரலில் விளக்கிக்கொண்டிருப்பார். தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கும் பின்னாளைய வானொலி ஒலிச்சித்திரத்துக்கும் இடையில் வைத்துப் பார்க்கத்தக்க இத்தொழிலை வரலாறு போதிய அளவு கவனிக்கவில்லை.

பின்னாளில் டிலைட் எனப் பெயர் மாறிய அந்த அரங்கு இன்று இல்லை. ஆனால் அது நின்ற தெருவின் பெயர் வெரைட்டி ஹால் ரோடு. அங்குள்ள காவல் நிலையத்துக்கும் அதுவே பெயர். எனவே படம் நின்றுபோன பிறகும் களவு, அடிதடி வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளில் எல்லாம் கோவையின் முதல் சினிமாக் கொட்டகை நாள்தோறும் எழுதப்பட்டுவருகிறது.

அத்தெருவில் இரும்புச் சாமான் விற்கும் முதியவர் ஒருவர், பயணிக்கு இஞ்சித் தேநீரும் தேங்காய் பன்னும் வரவழைத்துக் கொடுத்து, தாம் சிறுவயதில் பார்த்த படங்களைவிடக் கேட்ட படங்களே மிகுதி என்றார். காசில்லாத நாள்களில் அரங்கின் வெளிவாசல் கதவருகே நின்றால் வசனமும் பாட்டும் முழுவதும் கேட்குமாம்; உள்ளே விசில் எழும்போது சண்டை வந்துவிட்டது என்றும், சனங்கள் மூக்கைச் சிந்தும்போது தாய் இறந்துவிட்டாள் என்றும் புரிந்துகொள்வார்களாம். அவ்வாறு பத்து முறை கேட்ட ஒரு படத்தைப் பல ஆண்டு கழித்துத் தொலைக்காட்சியில் கண்டபோது, தாம் மனத்தில் வரைந்துவைத்திருந்த வில்லனைவிடத் திரையில் இருந்தவர் மிகவும் சாதுவாகத் தோன்றியதாகக் குறைபட்டுக்கொண்டார்.

பொள்ளாச்சி – உடுமலைச் சாலை

கோவையிலிருந்து தெற்கே இறங்கியதும் இருபுறமும் தென்னந்தோப்புகள் தொடங்குகின்றன; ஆனைமலைத் தொடர் வலப்பக்கம் நீல விளிம்பாகக் கூடவே வருகிறது; உடுமலையை நெருங்கும்போது பாலக்காட்டுக் கணவாயின் காற்று மரங்களை ஒரே பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கிறது. முன்பு நாற்றாங்காலும் மஞ்சளும் இருந்த வெளிகளில் இப்போது காற்றாலைகள் சுழல்கின்றன. தென்னை மிகுந்த இந்நிலம் டூரிங் டாக்கீசுக்கு மிகவும் இசைவானது. ஏனெனில் அக்கொட்டகையின் முதற்பொருள் கீற்று, அதாவது முடைந்த தென்னோலை.

டூரிங் டாக்கீஸ் என்பது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம் பெற்று நடத்தப்படும் தற்காலிகக் கொட்டகை. சட்டத்தின் பார்வையில் அது இடம்பெயர்ந்துகொண்டே இருக்க வேண்டியது. நடைமுறையில் உரிமம் தீரும்போது சில நாள் மூடப்பட்டு, பெயரில் ஒரு சாமியை மாற்றிக்கொண்டு அதே பொட்டலில் திரும்பவும் முளைக்கும். ஓலை இடுக்கில் வெயில் நுழையும் என்பதால் பகற்காட்சி கிடையாது. பொழுது சாய்ந்து முதல் ஆட்டம், சாப்பாட்டுக்குப் பின் இரண்டாம் ஆட்டம். ஆட்டத்துக்கு முன்பு கூம்பு ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராசனின் பிள்ளையார் பாட்டு எழும். அது சுற்றுவட்டாரத்துக்குக் கடிகாரமாகவும் பயன்பட்டது. பாட்டு தொடங்கியதும் உலைவைப்பதும், மூன்றாம் பாட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதும், ஒலிபெருக்கி வெளியிலிருந்து உள்ளே மாற்றப்பட்டு ஓசை சட்டென அமுங்கும்போது ஓட்டமெடுப்பதும் அவ்வூர்ப் பெண்களின் மாலை ஒழுங்காக இருந்தது.

உள்ளே திரைக்கு மிக அருகில் மணல். அதற்குத் தரை டிக்கெட். அதன் பின்னே முதுகு சாய்க்க இயலாத பெஞ்சு; கடைசியில் எண்ணிக்கையில் அடங்கும் நாற்காலிகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். தரை 25 காசு என்பது பயணியின் நினைவு. முன்னால் பெரியவர் அமர்ந்துவிட்டால் சிறுவர்கள் மணலைக் குவித்து மேடையாக்கி அதன்மேல் ஏறி அமர்வார்கள். பின்னாலிருப்பவர் அதைவிட உயரமாகக் குவிப்பார். இடைவேளைக்குள் தரை முழுவதும் புற்றுகள் எழுந்ததுபோல் ஆகிவிடும். இந்த மணலுக்கு வெற்றிலைச் சாற்றின் நிறமும் கடலைத் தோலின் மணமும் உண்டு.

தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை நிகழ்வைக் கண்ட முதல் இடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அன்று, கையிலிருந்த காசே என்றும் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தம் நூலில் கருத்துரைத்தார். தமிழ்ச் சினிமாவைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் இதற்கு இணையான கூற்று குறைவு. எனினும் சிற்றூர்க் கொட்டகையை உள்ளிருந்து கண்டவர்கள் இதற்கு ஒரு சிறு திருத்தம் சொல்வார்கள்: காசு கையில் இருந்தும் தோட்டத்துக்காரர் அமரும் நாற்காலிப் பக்கம் போகாமல், யாரும் தடுக்காமலே, மணலில் போய் அமர்ந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. கூரை ஒன்றானது உண்மை. மணலுக்கும் நாற்காலிக்கும் இடையிலிருந்த இருபதடித் தொலைவைக் கடக்கப் பின்னும் ஒரு தலைமுறை ஆயிற்று.

பயணியின் ஊரில் கொட்டகை இருந்த பொட்டல் இப்போது தேங்காய்க் களம். அதன் ஓரத்தில் வசிக்கும் பழைய ஆபரேட்டர், அதாவது படம் ஓட்டும் எந்திரத்தை இயக்கியவர், எழுபத்தைந்து வயதைக் கடந்தும் நிமிர்ந்து நடக்கிறார். வந்தவரை அடையாளம் கண்டு, “வாங்க தம்பி, உக்காருங்க. இளநி வெட்டட்டுங்களா?” என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் அரிவாளை எடுத்தார். ஒளிக்கு அவர்கள் பயன்படுத்தியது கார்பன் வில்விளக்கு: செம்பு பூசிய இரண்டு கரிக்குச்சிகளின் முனைகளுக்கு இடையே மின்சாரம் பாயும்போது எழும் வெண்ணிறச் சுடர். குச்சிகள் எரிந்து தேயத்தேய அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆபரேட்டர் பீடி பற்றவைக்கத் திரும்பினால் திரையில் கதாநாயகியின் முகம் பழுப்பேறும், உடனே மணலிலிருந்து வசவு எழும். ஆயிரம் அடிச் சுருள் ஏறத்தாழ பதினொரு நிமிடம் ஓடும். நகர அரங்குகளில் இரண்டு எந்திரங்கள் இருந்ததால் ஒன்று முடியும் கணத்தில் மற்றது தொடங்கும். ஒற்றை எந்திரக் கொட்டகையிலோ சுருள் மாற்ற விளக்கைப் போட்டாக வேண்டும். ஆகவே ஒரே படத்துக்குப் பல இடைவேளைகள், அத்தனைக்கும் முறுக்கு, சுண்டல், கலர் சோடா.

படம் இங்கே வந்து சேர்வதற்குள் பெருநகர், சிறுநகர் என்னும் இரு படிகளைக் கடந்திருக்கும். விநியோகத்தார் மொழியில் இவ்வூர்கள் சி சென்டர், கடைசிப் படி. நூற்றுக்கணக்கான முறை ஓடிய சுருளில் கீறல் விழுந்து எல்லாக் காட்சியிலும் மழை பெய்யும். ஓரத் துளைகள் கிழிந்து அடிக்கடி அறும். அறுந்ததும் ஆபரேட்டர் சிதைந்த சில கட்டங்களைக் கத்தரித்து எறிந்துவிட்டு, மூக்கைத் துளைக்கும் ஒட்டுப்பசையால் முனைகளை இணைப்பார். எறியப்பட்ட அத்துண்டுகளே சிறுவர் உலகின் நாணயம். எம்.ஜி.ஆர். இருக்கும் துண்டுக்கு நான்கு கோலிக்குண்டு; வெறும் மரஞ்செடி என்றால் ஒன்றுகூடத் தேறாது. அட்டைப்பெட்டியில் ஓட்டையிட்டு, உயிர்போன குண்டு பல்பின் உள்ளீட்டை நீக்கி நீர் நிரப்பி அதை வில்லையாக்கி, முற்றத்திலிருந்து முகம்பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, இருட்டறையில் தாத்தாவின் வேட்டியில் படம் காட்டாத சிறுவர் அக்காலத்துத் தமிழ்நாட்டில் அரிது. படம் தலைகீழாக விழும் என்பதால் துண்டைத் தலைகீழாகச் செருக வேண்டும் என்ற ஒளியியல் பாடத்தை அவர்கள் பள்ளியில் படிக்கவில்லை.

ஓலைக்கூரையும் எரியும் கரிக்குச்சியும் ஒரே இடத்தில் இருந்ததன் ஆபத்தை யாரும் அறியாமல் இல்லை. 1979இல் தூத்துக்குடியில் இலட்சுமி டாக்கீஸ் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அச்செய்தி வந்த வாரம் இங்கே மணல் வாளிகள் கூடின என்றும், பெண்கள் பக்கம் வழக்கத்தைவிட அகலமாக ஒரு வழி வெட்டப்பட்டது என்றும் ஆபரேட்டர் சொன்னார். பிறகு நெடுநேரம் அவர் பேசவில்லை.

ஊரார் எந்தப் படத்தை அதிகம் நினைவுகூர்கிறார்கள் என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். “படம் யாருக்குங்க தம்பி நெனப்பிருக்குது? எந்தக் கம்பத்தோரம் உக்காந்தேன்னு கேளுங்க, அத்தன பேரும் சொல்லிப்போடுவாங்க.” விடைபெறும்போது தகர டப்பா ஒன்றிலிருந்து ஒரு சாண் நீளமுள்ள படச்சுருள் துண்டை எடுத்துப் பயணியின் சட்டைப்பையில் செருகினார்.

பழனி, திண்டுக்கல்

சண்முக நதியைக் கடந்ததும் பழனிமலை தெரிகிறது. இவ்வழியில் நின்று பேச நேரம் வாய்க்கவில்லை. பேருந்தில் அருகமர்ந்த பெண்மணி ஒருவர் மட்டும், தைப்பூசத்துக்கு நடந்து வந்த காலத்தில் முருகனைக் கண்டபின் ஒரு படமும் பார்த்துவிட்டே ஊர் திரும்புவது தம் குடும்ப வழக்கம் என்றும், பக்திப்படம் ஓடும் ஆண்டில் மாமியார் மறுப்புச் சொன்னதில்லை என்றும் கூறினார். திண்டுக்கல்லில் சீரகச்சம்பா பிரியாணி, அதன்பின் உறக்கம்.

மதுரை

மதுரையில் சினிமா என்பது ஊரின் உள்ளுறுப்பு. எம். கே. தியாகராச பாகவதர் நடித்து 1937இல் வெளிவந்த ‘சிந்தாமணி’ ஈட்டிய பணத்தைக் கொண்டு, அதை எடுத்த மதுரை நிறுவனத்தார் அப்பெயரிலேயே இங்கு ஓர் அரங்கைக் கட்டினர். ஒரு படம் கட்டடமாக மாறிய வழக்கு இது. அக்கட்டடமும் பின்னாளில் துணிக்கடைக்கு இடம்விட்டது. அதைவிடப் பெரிய கதை தங்கம் தியேட்டருடையது. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்ட அது, 2,563 இருக்கைகளுடன் ஆசியாவிலேயே பெரியது எனப் பெயர்பெற்றது. சிவாசி கணேசனின் முதற்படமும் அந்த அரங்கின் முதற்படமும் ஒன்றே என்பதில் மதுரைக்காரர்களுக்கு இன்றும் ஒரு பங்காளிப் பெருமிதம் உண்டு.

அந்த இடத்திலும் இப்போது பல மாடித் துணிக்கடை. ஆனால் இரயில் நிலையத்தில் ஏறிய ஆட்டோவின் இளைஞர், கடையின் பெயரைச் சொன்னபோது, “தங்கத்துலயாண்ணே எறங்கணும்?” என்று திருப்பிக் கேட்டார். அவர் பிறப்பதற்கு முன்பே அங்கே படம் நின்றுவிட்டது. தெருவோரம் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி, தரை டிக்கெட் வாங்கும் சந்து பற்றிச் சொன்னார்: இருபுறமும் ஆளுயரச் சுவரெழுப்பி, ஒருவர்பின் ஒருவராக மட்டுமே நகரக்கூடிய குறுகிய நடைபாதை, முன்னே போகவும் பின்னே வரவும் முடியாது, ஆண்கள் வரிசையில் பையன்கள் பெரியவர்களின் தோள்மேல் தவழ்ந்து முன்னேறுவார்கள், பெண்கள் வரிசை குட்டையானது என்பதால், தெரியாத ஆண்கள்கூட “அக்கா, ரெண்டு சேத்து வாங்கிக் குடுங்க” என்று காசை நீட்டுவார்கள். தம்முடைய பத்தாம் வயதில் ஒருவர் கொடுத்த காசோடு உள்ளே போய், டிக்கெட்டுடன் வெளியே வந்தபோது அவரைக் காணாமல், கையிலிருந்த மிகுதி டிக்கெட்டை என்ன செய்வதென்று அறியாது அழுததை அவர் நேற்று நடந்ததுபோல் விவரித்தார்.

இரண்டாம் ஆட்டம் விட்டு இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் தெருவில் இறங்கும் ஊரில் பரோட்டாக் கடை எப்படி மூடும்? மதுரையைத் தூங்கா நகரம் என்பதற்குக் கோயிலையும் சந்தையையும் காரணம் காட்டுவோர் இரவு ஒரு மணிக்குப் பசியோடு வெளிவந்த இக்கூட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அன்றிரவு பயணி உண்ட பரோட்டாவும் சால்னாவும் குறைசொல்லத்தக்கவை அல்ல. ஆயினும் கடைக்காரர், படம் விட்டு வருகிறவர்கள் சாப்பிடும் வேகமே வேறு என்றார்.

சென்னை

வீடு திரும்பிய ஊரில் கண்ணுக்குப் பழகிப்போனவை வேறு விதமாகத் தெரிந்தன. 1913இல் வார்விக் மேஜர் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் அஞ்சல்தலை நிலையமாக நிற்கிறது. அதைத் தாண்டி முப்பது ஆண்டுகள் பேருந்தில் போன பயணி, பதிவுத்தபால் அனுப்ப மட்டுமே அவ்வளாகத்தில் நுழைந்திருக்கிறார். 1944இல் வெளிவந்து மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ ஓடிய பிராட்வே அரங்கும் இல்லை. கோடம்பாக்கத்தில் லிபர்ட்டி தியேட்டர் மறைந்துபோனாலும் நிறுத்தத்தின் பெயர் லிபர்ட்டி; நடத்துநர் குரல் கொடுக்க, கைப்பேசியிலிருந்து தலையுயர்த்தாமலே பிள்ளைகள் இறங்கிப்போகின்றனர்.

பயணியின் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் சென்றடையும் வணிக வளாகத்தில் பல திரைகள் இருக்கின்றன. அங்கே இருக்கைக்கு எண் உண்டு. குளிரூட்டியின் சீரான காற்று உண்டு. படம் ஒருபோதும் அறுவதில்லை. நல்ல ஏற்பாடுதான், மழைக்காலத்தில் ஓலை ஒழுக, ஈர மணலில் சாக்கு விரித்து அமர்ந்தவர் எவரும் இதைக் குறைசொல்ல மாட்டார். ஆனால் அங்கே சென்ற மாதம் எந்த வரிசையில் அமர்ந்தோம் என்று கேட்டபோது வீட்டில் ஒருவராலும் சொல்ல இயலவில்லை.

ஆபரேட்டர் தந்த துண்டை மறுநாள் காலையில் மேல்மாடத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது, நீலமும் பச்சையும் வெளுத்துச் செம்மை மட்டும் எஞ்சியிருந்தது. பழைய வண்ணச்சுருள்கள் பெரும்பாலும் இவ்வாறுதான் மூப்படைகின்றன. எந்தப் படம் என்று தெரியவில்லை. எதிர்வீட்டுச் சிறுமி வாங்கிப் பார்த்து, பன்னிரண்டு படங்கள் இருப்பதாக எண்ணிச் சொன்னாள். நொடிக்கு இருபத்துநான்கு என்ற கணக்கில் அது அரை நொடி. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றனவே என்று அவள் முதலில் திருப்பித் தந்தாள்; பிறகு மறுபடியும் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, முதற்படத்தில் இடுப்பருகே இருந்த அந்தப் பெண்ணின் கை கடைசிப் படத்தில் ஒரு மயிரிழை மேலே ஏறியிருக்கிறது என்றாள்.